இரண்டாயிரம் ரூபாய்க்கு ஒரு தொடுதிரை

பன்னிரண்டு நாள் கூலிக்கு ஸ்மார்ட்போன் என்ற வாக்குறுதியோடு 2014-ல் இந்தியாவுக்கு வந்தது ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். அதன் நிறையும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறந்தவை.

2014 ஆகஸ்ட் 25. டெல்லியைச் சேர்ந்த இன்டெக்ஸ் நிறுவனம் அன்று ஒரு செல்போனை அறிமுகம் செய்தது. பெயர் கிளவுட் எஃப்எக்ஸ். விரலால் தேய்த்து இயக்கும் திரை, இரண்டு சிம் கார்டு, வை-ஃபை, கேமரா, இணையம். விலை ரூ.1,999. ஸ்நாப்டீல் இணையக் கடையில் விற்பனை தொடங்கியது. அந்த விலைக்கு அதுவரை கிடைத்தவை பெரும்பாலும் பொத்தான் போன்கள்தான். இன்டெக்ஸைத் தொடர்ந்து ஸ்பைஸ் நிறுவனம் ரூ.2,299-க்கு ஒன்றைக் கொண்டுவந்தது. பிறகு அல்காடெல், ஜென் என்று மேலும் இரண்டு பெயர்கள். எல்லாவற்றுக்கும் உள்ளே இருந்தது ஒரே இயங்குதளம்: ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ்.

இரண்டாயிரம் ரூபாய் என்பது பெருநகரத்து வாசகருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டல் சாப்பாடாகத் தோன்றலாம். ஆனால் தமிழகத்தில் நூறு நாள் வேலைத் திட்டத்துக்கு 2014-15-ல் நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ரூ.167. அந்தக் கணக்கில் இந்தப் போன் பன்னிரண்டு நாள் உழைப்பு. மத்தியப் பிரதேசத்திலும் உத்தரப் பிரதேசத்திலும் கூலி இன்னும் குறைவு, எனவே நாட்கள் இன்னும் அதிகம். இந்தப் போனை உருவாக்கியவர்கள் மனதில் வைத்திருந்த வாடிக்கையாளர் இந்த மனிதர்தான்: வாழ்க்கையில் முதல்முறையாக இணையத்தைத் தொடப்போகிறவர், அதுவரை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தே இராதவர். பழைய போனை மாற்றி ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது வாங்குகிறவரிடம் ஒரு போன் சரியில்லாமல் போனால் அது அலமாரிக்குப் போகும். இவரிடம் சரியில்லாமல் போனால் பன்னிரண்டு நாள் போச்சு. அடுத்த போனுக்குப் பணம் சேர எத்தனை மாதம் ஆகுமோ!

இப்படிப்பட்டவர் கையில் ஒரு புதிய இயங்குதளத்தைக் கொடுத்துப் பரிசோதித்தது யார்? லாபத்துக்காக அலையும் கம்பெனி என்று நினைத்தால் தவறு. மோசில்லா ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. 2004 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரை வெளியிட்டு, மைக்ரோசாஃப்ட்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் தனிக்காட்டு ராஜாவாக இருந்த காலத்தில் அதை எதிர்த்து நின்ற பெருமை அதற்கு உண்டு. கம்ப்யூட்டரில் செய்ததை செல்போனிலும் செய்து காட்ட வேண்டும் என்பது அதன் ஆசை. ஆப்பிளும் கூகுளும் செல்போன் உலகைப் பங்கு போட்டுக்கொண்டால், எந்தச் செயலி மக்களுக்குப் போகலாம், எது போகக்கூடாது என்பதை இரண்டு கடைக்காரர்களே முடிவு செய்வார்கள். இணையம் அப்படி யாருக்கும் சொந்தமானதல்லவே என்பது அதன் வாதம். 2011 ஜூலையில் ஆண்ட்ரியாஸ் கால் என்ற மோசில்லா ஆய்வாளர் இந்தத் திட்டத்தை அறிவித்தார். 2013 ஜூலையில் ஸ்பெயினில் முதல் போன் கடைக்கு வந்தது. (அந்த நாட்களில் மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு கூகுளின் தேடல் ஒப்பந்தத்திலிருந்து வந்தது. கூகுள் பணத்தில் கூகுளுக்குப் போட்டி!)

2014 பிப்ரவரியில் பார்சிலோனாவில் நடந்த செல்போன் மாநாட்டில் மோசில்லா ஒரு எண்ணைச் சொன்னது. 25 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் ரூ.1,500. சீனாவின் ஸ்பிரெட்ரம் நிறுவனம் இதற்கென்றே மலிவான சில்லு ஒன்றைத் தயாரிக்கும் என்றும் அறிவித்தது. கடைக்கு வரும்போது 25 டாலர் 33 டாலராகிவிட்டது. ஆனாலும் அது வரை யாரும் தொடாத விலை.

பிரவுசரே போன்

விலை எப்படி இறங்கியது என்பதில்தான் இந்தப் போனின் சாமர்த்தியம் இருக்கிறது. சாதாரண ஸ்மார்ட்போனில் அடியில் ஓர் இயங்குதளம் இருக்கும்; அதன் மேல் செயலிகள்; அந்தச் செயலிகளில் ஒன்றுதான் இணையத்தைக் காட்டும் பிரவுசர். மோசில்லா இந்த அடுக்கைக் குலைத்தது. அடியில் லினக்ஸ் கருவும் கருவிகளை இயக்கும் பகுதிகளும் மட்டும். அதன் மேல் நேராக கெக்கோ என்ற பிரவுசர் இயந்திரம். கண்ணுக்குத் தெரிவதெல்லாம், எண் சுழற்றும் பலகை, முகவரிப் புத்தகம், கடிகாரம், கேமரா உட்பட, இணையப் பக்கங்கள் எழுதப்படும் அதே ஹெச்.டி.எம்.எல்., ஜாவாஸ்கிரிப்ட் மொழிகளில் எழுதப்பட்டவை. போனே ஒரு பிரவுசர்.

இதனால் கிடைத்த நன்மைகள் சில்லறையானவை அல்ல. இணையதளம் எழுதத் தெரிந்த எவரும் இந்தப் போனுக்குச் செயலி எழுதலாம். புது மொழி கற்கத் தேவையில்லை. இலவசச் செயலியை இறக்கிக்கொள்ள மின்னஞ்சல் முகவரியோ கணக்கோ கேட்கவில்லை. இன்று இதைச் சாதாரணமாகப் படித்துவிட்டுப் போகலாம். ஆனால் அன்று கூகுள் கணக்கு இல்லாமல் ஆண்ட்ராய்டின் கடைக்குள் நுழைய முடியாது. முதல் போன் வாங்கியவருக்கோ மின்னஞ்சல் என்றால் என்னவென்றே தெரியாது. போன் விற்ற கடைப் பையனே ஏதோ ஒரு பெயரில் கணக்கு தொடங்கிக் கொடுத்துவிடுவான். கடவுச்சொல் அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஃபயர்பாக்ஸ் போனில் அந்தத் தொல்லை இல்லை. தேடும் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டினால் அதற்குப் பொருத்தமான இணையச் செயலிகள் வரிசையாக வந்து நிற்கும். நிறுவாமலே திறந்து பார்க்கலாம். நல்ல யோசனை.

இன்னொரு நன்மை சிக்கனம். கூகுள் தனது ஆண்ட்ராய்டு 4.4-ஐ 512 எம்.பி. நினைவகத்தில் ஓடும்படி இளைக்க வைத்ததையே அப்போது சாதனையாகச் சொல்லிக்கொண்டது. கிளவுட் எஃப்எக்ஸில் இருந்தது 128 எம்.பி. நாலில் ஒரு பங்கு! அதற்குள் முழு பிரவுசர் ஒன்றை ஓட வைத்த மோசில்லா பொறியாளர்களுக்கு ஒரு சபாஷ் போட்டுவிட்டுத்தான் மேலே போக வேண்டும். இதற்காகவே ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். 1.3-இலிருந்து ஒரு தனிக் கிளையை வெட்டியெடுத்தார்கள். ‘டராக்கோ’ என்பது அதன் செல்லப் பெயர்.

சமையல் மேடையில் இடமில்லை

ஆனால் அந்த 128 எம்.பி.யோடு நாள் முழுக்கக் குடித்தனம் நடத்த வேண்டியவர் பொறியாளர் அல்லர், போனை வாங்கியவர்.

நினைவகத்தை ஒண்டுக் குடித்தனத்துச் சமையல் மேடை என்று வைத்துக்கொள்ளலாம். மேடை அகலமாக இருந்தால் சாதம் ஒரு பக்கம், குழம்பு ஒரு பக்கம், நறுக்கிய காய் ஒரு பக்கம் என்று வைக்கலாம். சாண் அகல மேடையில் ஒன்றை ஏற்றினால் மற்றொன்றை இறக்க வேண்டும். டராக்கோ போன்களில் நடந்தது அதுதான். பாட்டு கேட்டபடியே ஒரு இணையப் பக்கத்தைத் திறந்தால், பின்னால் இருக்கும் செயலியைப் போன் தானாகவே மூடிவிடக்கூடும். திரும்பப் போனால் அது முதலிலிருந்து தொடங்கும். இதைக் கொஞ்சமாவது சமாளிக்க, நினைவகத்தில் இருப்பதைச் சுருக்கி மடித்து வைக்கும் உத்தியையும் சேர்த்திருந்தார்கள். பாத்திரத்துக்குள் பாத்திரம் அடுக்குவது போல. அடுக்கவும் எடுக்கவும் நேரமாகும் அல்லவா? அந்த வேலையைச் செய்ய வேண்டியதோ ஒரு கிகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஒற்றை மையச் சில்லு. விரலால் தேய்த்தால் திரை சற்று யோசித்துவிட்டு நகர்ந்தது. அந்த நாட்களில் வெளிவந்த மதிப்புரைகள் ஏறக்குறைய ஒரே குரலில் இதைத்தான் புலம்பின.

ஜாவாஸ்கிரிப்ட் என்பது ஓடும்போதே மொழிபெயர்த்து இயங்கும் மொழி. பக்கத்தில் நின்று வரிக்கு வரி பெயர்த்துச் சொல்லும் துபாஷி மாதிரி. பேச்சாளர் நிதானமாகப் பேசினால் குறை தெரியாது. வேகமெடுத்தால் மூச்சு வாங்கும். வலுவான போனில் இது தெரியாது. மோசில்லா தேர்ந்தெடுத்ததோ சந்தையிலேயே மிக வலுவற்ற சில்லு. ‘எல்லாம் இணையமே’ என்ற கொள்கை எங்கே மிக அதிகமாகச் சிரமப்படுமோ, அங்கேயே அதைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மலிவு விலைக்குக் காரணமான அதே அம்சம்தான் மந்த வேகத்துக்கும் காரணம். ஒன்றை விட்டு ஒன்றைத் திருத்த வழியில்லை.

மற்ற உறுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2 மெகாபிக்செல் கேமரா பகல் வெளிச்சத்துக்கு மட்டும். ஃப்ளாஷ் கிடையாது, முன்பக்கக் கேமரா கிடையாது. முன் கேமரா வேண்டுமானால் ஸ்பைஸுக்கு ரூ.300 கூடுதல். படமோ பாட்டோ சேமிக்க நினைவக அட்டை வாங்கியாக வேண்டும். ஓரிடத்தில் எழுதியதை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டும் வசதிகூட அந்தப் பதிப்பில் இல்லை. 1,250 மில்லிஆம்பியர் பேட்டரி சிறியதுதான். திரையும் சிறிது என்பதால் அதைப் பெரிய குறையாகச் சொல்ல முடியாது.

திரையைப் பற்றி மட்டும் கொஞ்சம் கணக்குப் போடலாம். மூலைக்கு மூலை 3.5 அங்குலம். அகலம் ஐந்து சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. ஆங்கில விசைப்பலகையின் மேல் வரிசையில் பத்து எழுத்துகள். ஆக, ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் அகலம் ஐந்து மில்லிமீட்டர்கூட இல்லை. மண்வெட்டி பிடித்துக் காய்த்த விரல், தறி ஓட்டிய விரல், பாத்திரம் தேய்த்து வெடித்த விரல் ஐந்து மில்லிமீட்டருக்குள் எப்படி இறங்கும்? பழைய பொத்தான் போனில் ‘ஐந்து’ என்ற பொத்தானின் மேல் ஒரு சிறு மேடு இருக்கும். கண் பார்க்காமலே விரல் எண்ணைத் தேடிக்கொள்ளும். தொடுதிரை வழவழப்பானது. அதில் தடவித் தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பொத்தான் போனில் பழக்கத்தால் எண் சுழற்றிவிடுவார். தொடுதிரை அவரைப் பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பில் உட்கார வைத்தது. மூன்று ஆண்டுகள் கழித்து இந்த அம்சமே கதையைத் திருப்பிப் போட்டது. அதற்குப் பிறகு வரலாம்.

தமிழ் பேசிய போன்

தமிழ் வாசகர்கள் இந்தப் போனை நினைவில் வைத்துக்கொள்ளத் தனிக் காரணம் ஒன்று உண்டு. இன்டெக்ஸ், ஸ்பைஸ் போன்களில் ஆங்கிலத்தோடு இடம்பெற்ற இந்திய மொழிகள் இந்தியும் தமிழும். பன்னிரண்டு, பதினான்கு மொழி என்று அடுக்காமல் இரண்டே மொழி, அதில் ஒன்று தமிழ்! டெல்லிக் கம்பெனியின் போனில் இது அன்று எளிதில் நடக்கிற காரியமா?

எப்படி நடந்தது என்பதற்கு விடை ஃபயர்பாக்ஸின் பழைய வரலாற்றில் இருக்கிறது. அந்தப் பிரவுசரைப் பல மொழிகளுக்கும் பெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். தமிழிலும் அப்படியே. போன் வந்தபோது அந்த வழக்கமும் கூடவே வந்தது. இன்னொன்று, தமிழ் எழுத்தைத் திரையில் சரியாக வரைவது. ‘கொ’ என்று எழுத வேண்டுமானால் ஒற்றைக் கொம்பு எழுத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். கம்ப்யூட்டரின் உள்ளே எழுத்துகள் சேமிக்கப்படும் வரிசை வேறு, கண்ணுக்குத் தெரிய வேண்டிய வரிசை வேறு. இதைச் சரிசெய்யத் தனி மென்பொருள் வேண்டும். ஆண்ட்ராய்டின் தொடக்கப் பதிப்புகள் பலவற்றில் அது இல்லாததால் தமிழ் சரியாகத் தெரியாமல் போனதை அந்தக் காலத்துப் போன்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஃபயர்பாக்ஸ் பிரவுசரில் அந்தப் பிரச்சினை முன்பே தீர்ந்திருந்தது. பிரவுசரே போன் என்பதால் போனிலும் தீர்ந்தது. ‘எல்லாம் இணையமே’ என்ற கொள்கை தமிழுக்குச் செய்த நேரடி உபகாரம் இது.

ஆனாலும் தமிழுக்குரிய தொல்லைகள் தமிழுக்கு இருந்தன. ஆங்கிலத்தில் நாலெழுத்தில் முடியும் சொல் தமிழில் ஒன்பது எழுத்தாக நீளும். ஆங்கிலத்தை அளந்து தைத்த பொத்தானுக்குள் தமிழ்ச் சொல் நுழையாது. பாதியில் வெட்டுப்பட்டு மூன்று புள்ளியில் நிற்கும். 320-க்கு 480 புள்ளிகள் கொண்ட திரையில், அங்குலத்துக்குச் சுமார் 165 புள்ளி. சிறிய எழுத்தில் ‘ண’வுக்கும் ‘ன’வுக்கும் உள்ள சுழி வித்தியாசத்தைக் கண்ணைச் சுருக்கித்தான் பார்க்க வேண்டும். இன்னும் பெரிய தொல்லை, பட்டியல் தமிழில் இருந்தாலும் அதைத் தட்டித் திறந்த செயலிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில்தான் இருந்தன. வாசலில் தமிழ்க் கோலம்; உள்ளே போனால் இங்கிலீஷ் வீடு.

‘வாட்ஸ்அப் வருமா?’

2014-ல் இந்தியாவின் எந்த செல்போன் கடையிலும், லூதியானாவானாலும் ராஞ்சியானாலும், வாடிக்கையாளர் கேட்ட முதல் கேள்வி சில்லின் வேகமோ நினைவகமோ அல்ல. வாட்ஸ்அப் வருமா? அவ்வளவுதான். அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஃபேஸ்புக் 19 பில்லியன் டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்க ஒப்பந்தம் போட்டது. நவம்பரில் இந்தியாவில் மட்டும் அதற்கு ஏழு கோடிப் பயனாளர்கள். மும்பையில் கட்டட வேலை செய்யும் கணவன் பேரப்பிள்ளையின் படத்தைப் பீகார் கிராமத்திலிருந்து பெறுவதற்கு அதைவிட மலிவான வழி கிடையாது.

ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ்.ஸுக்கு வாட்ஸ்அப் தனது சொந்தச் செயலியை எழுதவே இல்லை. வெளியார் எழுதிய மாற்றுச் செயலிகள் வழியாக ஒட்டுப்போட்டுப் பார்த்தவர்கள் உண்டு. அப்படிப்பட்ட ஏற்பாடு இன்று வேலை செய்யும், நாளை நின்றுபோகும். ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் போன், பிளாக்பெர்ரி, ஏன், நோக்கியாவின் பழைய ஆஷா போன்களில்கூட இருந்த செயலி இதில் இல்லை. இணையம் எல்லோருக்கும் சொந்தம் என்று மோசில்லா சொன்னது சரி. ஆனால் மக்கள் அந்த நேரத்தில் குடியேறிக்கொண்டிருந்தது இணையத்துக்குள் அல்ல. ஒரே ஒரு கம்பெனியின் ஒரே ஒரு செயலிக்குள். அங்கே நுழைய இணையதள முகவரி போதாது.

அடுத்த அடி செல்போன் கோபுரத்திலிருந்து விழுந்தது. கிளவுட் எஃப்எக்ஸில் 3ஜி இல்லை, 2ஜி மட்டும். ஏட்டில் எழுதியுள்ள உச்ச வேகத்திலேயே 1 எம்.பி. அளவுள்ள பக்கம் வந்து சேர அரை நிமிடத்துக்கு மேல் ஆகும். கிராமத்தில் உச்ச வேகம் ஏது? கட்டணமும் குறைவில்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் கணக்குப்படி 2014-ல் ஒரு ஜி.பி. டேட்டாவின் சராசரி விலை சுமார் ரூ.269. போனின் பெயரில் ‘கிளவுட்’, அதாவது மேகம், இருந்தது. மேகத்திலிருந்து இறக்கும் ஒவ்வொரு துளிக்கும் காசு. இணையத்தையே நம்பிப் பிறந்த போனை இணையம் அருமையாகக் கிடைத்த ஊர்களுக்கு அனுப்பினார்கள்.

கடையில் போட்டியும் சும்மா இருக்கவில்லை. இன்டெக்ஸ் நிறுவனமே அந்த ஆண்டு மூவாயிரம் ரூபாய்க்கும் குறைவான விலையில் ஆண்ட்ராய்டு போனை விற்றது. எழுநூறு ரூபாய் கூடப் போட்டால் வாட்ஸ்அப் வரும் என்றால், வாங்குகிறவர் அந்த எழுநூறைக் கடன் வாங்கியாவது போடுவார். கிளவுட் எஃப்எக்ஸ் வந்த மூன்றே வாரத்தில், செப்டம்பர் 15-ந் தேதி, கூகுளின் சுந்தர் பிச்சை டெல்லிக்கு வந்து ரூ.6,399-க்கு ‘ஆண்ட்ராய்டு ஒன்’ வரிசையை அறிமுகம் செய்தார். அந்த வரிசையில் இருந்த மூன்று இந்தியக் கம்பெனிகளில் ஒன்று ஸ்பைஸ்! இரண்டு பந்தியிலும் இலை போட்டு உட்கார்ந்துவிட்டது.

மோசில்லா மட்டும்தான் இப்படி முயன்றது என்று சொல்ல முடியாது. 2013 மே மாதம் நோக்கியா தனது புதிய தளம் கொண்ட ஆஷா 501 தொடுதிரைப் போனை உலகுக்கு அறிமுகம் செய்ய டெல்லியைத்தான் தேர்ந்தெடுத்தது. பதினான்கு மாதம் கழித்து, நோக்கியாவின் போன் தொழிலை வாங்கிய மைக்ரோசாஃப்ட் ஆஷாவின் வளர்ச்சியை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ந் தேதி ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலையே மூடப்பட்டது வேறு கதை. 2015 ஜனவரி 14-ல் சாம்சங் தனது சொந்த டைசன் தளத்துடன் இசட்1 போனை ரூ.5,700-க்கு இந்தியாவில் இறக்கியது. 768 எம்.பி. நினைவகம், 3ஜி என்று கிளவுட் எஃப்எக்ஸைவிட வசதியான போன். விற்பனையும் மோசமில்லை, 2017 வரை அதன் தம்பிகள் வந்தன. அதுவும் பிறகு நின்றது. டைசன் செயலிக் கடை 2021 இறுதியில் நிரந்தரமாகப் பூட்டப்பட்டது. இரண்டே ஆண்டுக்குள் மூன்று புதிய இயங்குதளங்கள் இந்திய ஏழை வாடிக்கையாளரின் கதவைத் தட்டின. ஒன்றுகூட ஒரு பத்தாண்டு தாங்கவில்லை.

2015 மே மாதம் மோசில்லாவின் அப்போதைய தலைமை நிர்வாகி கிறிஸ் பியர்ட், 25 டாலர் போன் திட்டத்துக்கு எதிர்பார்த்த வரவேற்பு கிடைக்கவில்லை என்பதை ஊழியர்களுக்கு எழுதிய கடிதத்தில் ஒப்புக்கொண்டார். விலையைக் காட்டி விற்பதை விட்டுவிட்டுத் தரத்தைக் காட்டி விற்போம் என்றார். அதற்கும் அவகாசம் கிடைக்கவில்லை. அந்த டிசம்பரில், செல்போன் சேவை நிறுவனங்கள் வழியாக ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ். போன்களை விற்பதை நிறுத்துவதாக மோசில்லா அறிவித்தது. கிளவுட் எஃப்எக்ஸ் வந்து பதினைந்து மாதம்தான் ஆகியிருந்தது. செயலிக் கடை 2018-ல் மூடப்பட்டது. பன்னிரண்டு நாள் கூலி கொடுத்தவருக்குக் கடைசியில் மிஞ்சியது பேசவும் குறுஞ்செய்தி அனுப்பவும் உதவும் ஒரு போன். அதற்கு ஆயிரம் ரூபாய்ப் பொத்தான் போனே போதும், பேட்டரியும் கூடுதல் நாள் நிற்கும்.

திரை போனது, தளம் நின்றது

மோசில்லாவின் மென்பொருள் திறந்த மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துத் திருத்தி வளர்த்துக்கொள்ளலாம். மோசில்லா கைவிட்ட குழந்தையை கை ஓ.எஸ். என்ற பெயரில் இன்னொரு நிறுவனம் தத்தெடுத்தது. அது செய்த முதல் காரியம், தொடுதிரையைத் தூக்கிப் போட்டது. பொத்தான் போனுக்கு ஏற்றபடி இயங்குதளத்தை மாற்றியது.

2017 ஜூலை 21-ந் தேதி ரிலையன்ஸ் பங்குதாரர் கூட்டத்தில் முகேஷ் அம்பானி ஜியோபோனை அறிவித்தபோது, அதற்குள் இருந்தது ஃபயர்பாக்ஸ் ஓ.எஸ்.ஸின் இந்த வாரிசுதான். 2.4 அங்குலத் திரை, விரலுக்கு மேடு தட்டும் எண் பொத்தான்கள், 512 எம்.பி. நினைவகம், 4ஜி. மூன்று ஆண்டு கழித்துத் திருப்பித் தருவதாகச் சொன்ன ரூ.1,500 வைப்புத் தொகை. அதாவது, மோசில்லா பார்சிலோனாவில் சொன்ன அதே 25 டாலர் சுற்றுவட்டாரம்! டேட்டா விலையும் அதற்குள் தரையில் வந்து விழுந்திருந்தது. ட்ராய் கணக்கில் 2018-ல் ஒரு ஜி.பி. ரூ.12-க்கும் குறைவு. 2014-ல் மூச்சுத் திணறிய அதே மென்பொருள் பரம்பரை, நாலு மடங்கு நினைவகமும் வேகமான வலையும் கிடைத்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தது. 2021-ல் ஜியோபோன் வைத்திருப்பவர்கள் 10 கோடிக்கு மேல் என்றது ரிலையன்ஸ்.

ஆக, மோசில்லாவின் கணிப்பில் பாதி சரி. ஏழை வாடிக்கையாளருக்கு இலேசான, இணையத்தால் ஆன இயங்குதளம் பொருந்தும் என்பது சரி. அவர் முதலில் கேட்பது தொடுதிரை என்று நினைத்ததும், வலை தானாக வந்து சேரும் என்று நம்பியதும் தவறு. தொடுதிரை அவருக்கு வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. 2021 நவம்பரில் ஜியோவும் கூகுளும் சேர்ந்து மறுபடியும் தொடுதிரைக்கு வந்தன. ஆண்ட்ராய்டிலிருந்து செதுக்கிய பிரகதி ஓ.எஸ்., திரையில் இருப்பதை இந்திய மொழிகளில் வாய்விட்டுப் படித்துச் சொல்லும் வசதி, 5.45 அங்குலத் திரை, 2 ஜி.பி. நினைவகம். கிளவுட் எஃப்எக்ஸைப் போலப் பதினாறு மடங்கு. விலை ரூ.6,499. இரண்டாயிரம் ரூபாய்க்கு நல்ல தொடுதிரை என்ற கணக்கு இன்னும் யாருக்கும் கட்டுப்படியாகவில்லை என்பதை அந்த விலையே சொல்லியது.

பொத்தான் போனின் கதையிலும் ஒரு பழைய கேள்வி விடாமல் துரத்தியது. ஜியோபோன் வந்தபோது அதிலும் வாட்ஸ்அப் இல்லை. ஏறக்குறைய ஓராண்டு காத்திருந்து, 2018 செப்டம்பரில்தான் வந்தது. கோடிக்கணக்கான போன்கள் விற்றுவிட்ட நிலையில் வாட்ஸ்அப்பால் அலட்சியம் செய்ய முடியவில்லை. ஃபயர்பாக்ஸ் போன்காரர்களுக்கு அந்த பலம் இல்லை. ஆனால் 2024 ஜூன் 25 முதல் கை ஓ.எஸ். போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கிக்கொள்ள முடியாது என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கும் 2025-ன் தொடக்கம் வரைதான் கெடு. அந்தப் போனை நம்பி ஊருக்குப் பேரப்பிள்ளை படம் கேட்டவர், மறுபடியும் கடை வாசலில் போய் நின்று அதே கேள்வியைக் கேட்க வேண்டியதாயிற்று: இதில் வாட்ஸ்அப் வருமா?